வெயிலில் மக்கர் செய்யும் காடி: வாசகர் கேள்விகள்

அண்ணே, ஃபெடரல் ஹைவே ஜாமில் நின்றால் சூட்டு ஊசி ஏறுகிறது, ஓடினால் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் மாற்றலாமா? (செந்தூல்)

பொறுங்கள் தம்பி. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு. அது மூடியபடி சிக்கியிருந்தால் ஓடும்போதும் சூடு ஏறும். ஓடும்போது ரேடியேட்டருக்குக் காற்று தானாகக் கிடைக்கிறது, நிற்கும்போது விசிறியை விட்டால் வேறு துணையில்லை. பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோன் போடுங்கள். பெரும்பாலான காடிகளில் விசிறி சட்டென்று சுற்றும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ஜாமில் ஏர்கோன் குளிர்ச்சியும் குறைகிறது என்றால் விசிறி மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கெந்திங் மலை ஏறும்போது மட்டும் கொதிக்கிறது.

இதில் முதல் சந்தேகம் விசிறி மேல் இல்லை. கூலன்ட் (குளிர்விக்கும் நீர்) அளவைப் பாருங்கள், அப்புறம் ரேடியேட்டர் அடைப்பு. வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றிய காடியில் உள்ளே துருவும் உப்பும் படிந்திருக்கும்.

ஐயா, மத்தியானம் பினாங்குப் பாலத்தில் எஞ்சின் திடீரென்று அணைந்தது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. பட்டறையில் பெட்ரோல் பம்ப் மாற்றியும் மறுபடி அதே கதை. (ஜெலுத்தோங்)

13.5 கிலோமீட்டர் பாலத்தின் நடுவில் நின்றுபோவது உயிருக்கே ஆபத்து, இதைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. எனக்குச் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல்தான், அதாவது எஞ்சின் சுற்றுவதைக் காடியின் கணினிக்குச் சொல்லும் உணரி. சூட்டில் அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருளோ மின்சுற்றோ தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். சிக்னல் போனால் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் பாயாது. அடுத்த முறை நின்றால், ஓரங்கட்டி சாவியைத் திருப்பும்போது ஆர்பிஎம் ஊசியைக் கவனியுங்கள். பல காடிகளில் எஞ்சின் சுற்றும்போது அது லேசாகத் துள்ளும். அசையாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால் சென்சார்தான் முதல் சந்தேகம். ஊசி துள்ளியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க், பெட்ரோல் பிரஷர் இரண்டையும் அளக்க வேண்டும். எதுவானாலும் காடி சூடாக, நின்றுபோன நிலையிலேயே போர்மேன் ஸ்கேனர் போட வேண்டும். ஆறிய காடியைச் சோதித்துவிட்டுப் பொருள் மாற்றுவது உங்கள் பணத்தை வைத்து ஊகம் செய்வது.

கொதித்தால் ஹீட்டர் போடச் சொல்கிறார்களே?

இங்கே மலேசியாவில் விற்கும் பல காடிகளில் ஹீட்டரே கிடையாது. ஏர்கோனை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது: உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் நீர், திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சியடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கைக்கு ஆறிய பிறகு, துணி போட்டு மெல்லத் திருப்புங்கள்.