மாதவிடாய் நின்ற பிறகு மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். 52 வயது அதற்குத் தடை இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உங்களுக்குத் தேவை பெரிதாக்கும் ஆபரேஷன்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது, மார்பு வற்றித் தொங்கிவிட்டது, பழைய ஜாக்கெட் எதுவும் சரியாக உட்காரவில்லை, மகளிடம் சொன்னால் 'இந்த வயசுல எதுக்கும்மா' என்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏறக்குறைய உங்கள் வயதில், இதே யோசனையோடு ஒன்றுக்கு இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்களைப் பார்த்தேன். கடைசியில் இம்ப்ளான்ட், அதாவது அளவைக் கூட்ட உள்ளே வைக்கும் செயற்கைப் பை, வைக்காமல், தொங்கியதைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டேன்.

மகள் கேட்டதற்காகக் குறுகிப்போக வேண்டாம். நரைக்குச் சாயம் அடிக்கிறோம், பல் விழுந்தால் கட்டிக்கொள்கிறோம். மார்பகம் என்றவுடன் மட்டும் யாருக்காக என்ற கேள்வி வந்துவிடுகிறது. நமக்காகத்தான். அந்தப் பதில் போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பால் சுரப்பித் திசு சுருங்குகிறது, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. தாங்கி நிற்கும் நார்களும் தோலும் தளர்கின்றன. மேல்பகுதி குழிவிழுந்து, உள்ளதெல்லாம் கீழே இறங்குகிறது. பலருக்கு அளவு அவ்வளவாகக் குறைந்திருக்காது, இடம்தான் மாறியிருக்கும்.

நான் பார்த்த இரண்டாவது சர்ஜன் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "பிரா போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்க்கும்போது அளவு பிடித்திருக்கிறதா?" பிடித்திருக்கிறது என்றேன். பிறகு நிற்கவைத்து, கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை டேப்பால் அளந்தார். மார்பகத்துக்குக் கீழே இருக்கும் மடிப்பைவிடக் காம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். மடிப்புக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டால் இம்ப்ளான்ட் மட்டும் வைத்துப் பயனில்லை, தொங்கல் அப்படியே இருக்கும், கனம்தான் கூடும் என்றார். அந்தப் பிரா கேள்வியை நீங்களும் இன்றைக்கே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பிராவோடு அளவு பிடித்திருந்தால் லிஃப்ட் பற்றி விசாரியுங்கள். பிராவோடும் போதவில்லை என்றால்தான் இம்ப்ளான்ட் பேச்சு. இரண்டும் சேர்த்துச் செய்வதும் உண்டு, ஆனால் அது இன்னும் சிக்கலான ஆபரேஷன்.

இம்ப்ளான்ட் வேண்டாம் என்று நான் முடிவெடுக்கக் காரணம் பின்னால் வரப்போகிற வருடங்கள். இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2021-ல் இதையே கட்டாய எச்சரிக்கையாகப் போடச் சொல்லிவிட்டது. சிலிக்கோன் ஜெல் நிரப்பிய இம்ப்ளான்ட் வைத்தவர்கள் 5, 6 வருடத்தில் முதல் முறையும், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம் என்பதுதான் காரணம். சுற்றிலும் தழும்புத் திசு இறுகி, மார்பகம் கல்லாகி வலிப்பதும் உண்டு. 25 வயதில் வைத்தவருக்கு மறு ஆபரேஷன் நாற்பதுகளில் வரலாம். நமக்கோ எழுபதை நெருங்கும்போது, சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்த பிறகு வரலாம். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை என்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. அதோடு நம் வயதில் தோலும் திசுவும் மெலிந்திருப்பதால் இம்ப்ளான்டின் விளிம்பும் சுருக்கங்களும் வெளியே தெரிய வாய்ப்பு அதிகம்.

இத்தனைக்கும் பிறகு வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள், அளவைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒரு வகையை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால், 2019-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். எந்த கம்பெனி, என்ன வகை, சீரியல் நம்பர் என்ன என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

லிஃப்டிலும் சிரமம் இருக்கிறது. காம்பைச் சுற்றியும் அங்கிருந்து கீழ்நோக்கியும் தழும்பு விழும். நம் நிறத்துக்கு அது கருத்துத் தடித்துத் தெரியலாம், மங்க வெகுநாள் ஆகும். காம்பில் உணர்ச்சி குறையலாம். ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரம் கொடியில் துணி போடக் கை உயர்த்தக் கூடாது, கிரைண்டர் கல்லைத் தூக்கக் கூடாது, இறுக்கமான பிராவை இரவும் பகலும் கழற்றக் கூடாது. ஏப்ரல், மே வெயிலில் வைத்துக்கொள்ளாதீர்கள், வியர்த்து எரியும்.

எதைச் செய்தாலும் முதலில் மாமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. இதில் மட்டும் சமரசம் வேண்டாம். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய், அதுவும் வயது ஏற ஏறக் கூடுகிறது. இம்ப்ளான்ட் இருந்தால் படத்தில் கொஞ்சம் திசு மறைந்துவிடும். இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளி, திசுவை முன்னால் இழுத்துத் தனியாகப் படம் எடுப்பார்கள், எனவே படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் சர்ஜனிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

மாதவிடாய் இன்னும் நிற்காமல் முன்பின்னாக வந்துகொண்டிருப்பவர்கள் பொறுப்பது நல்லது. அந்தக் காலத்தில் மார்பகம் வீங்கும், வலிக்கும், உடம்பு எடையும் நிலையாக இருக்காது. இன்று அளந்து செய்தது அடுத்த வருடம் மாறிவிடும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், எடை ஒரே நிலையில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹார்மோன் மாத்திரை எடுப்பதாக இருந்தால், அதனால் ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால், கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் எடுத்தாலும் சொல்ல வேண்டும். மார்பகத்தை நிமிர்த்தும் என்று விற்கிற எண்ணெய், கிரீமுக்குக் காசைக் கொட்டாதீர்கள், இறங்கியதை அவை தூக்காது.

சர்ஜன் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவராக இருக்க வேண்டும், பியூட்டி கிளினிக் போர்டை நம்பிப் போகாதீர்கள். அழகுக்காகச் செய்வதற்கு இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018-ல் மார்பக அளவு சீரமைப்பை இலவசமாகச் செய்யத் தொடங்கியது. அரசுப் பணத்தில் இதெல்லாமா என்று அப்போது விமர்சனம் வந்தது, எனக்கு அது நல்ல காரியமாகவே பட்டது. தனியாரில் சொல்லும் தொகை கட்டுப்படியாகாவிட்டால், அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளிப் பிரிவில் இப்போது என்ன நிலவரம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.