பேரம் பேச ஆள் இல்லாத கப்பல்கள்

அன்புள்ள ஐயா,

சோமாலியக் கடற்கொள்ளை பற்றிய ‘எ ஹைஜாக்கிங்’ என்ற டேனிஷ் படத்தைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். கொள்ளையர் கப்பலில் ஏறும் காட்சியையே காணோம். படத்தின் பெரும்பகுதி கோபன்ஹேகனில் ஓர் அலுவலக அறையில் தொலைபேசியோடு போய்விடுகிறது. என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அவனைப் போன்ற ஒருவனை நான் அந்தப் படத்தில் பார்க்கவில்லை; அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இதை எப்படி நல்ல படம் என்கிறீர்கள்?

க., ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள க.,

உங்கள் முதல் குறையை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவதை முழுமையாக ஏற்கிறேன்.

கொள்ளையர் ஏணியைச் சாத்தி ஏறிக் கப்பலைக் கைப்பற்றுவது பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிடிபட்டவர்களுக்கு அதன் பிறகுதான் எல்லாம் தொடங்குகிறது. இயக்குநர் டோபியாஸ் லிண்ட்ஹோல்ம் 2012இல் எடுத்த இப்படம் அந்த நிமிடங்களைத் தாண்டி நேராகக் காத்திருப்புக்குள் போய்விடுகிறது. கேட்ட தொகைக்கு உடனே சம்மதித்தால் எதிர்த்தரப்பு தொகையை ஏற்றிவிடும் என்பதால், உயிர்கள் கப்பலில் சிக்கியிருக்கும்போதே அலுவலகத்தில் மிகக் குறைந்த தொகையிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கொடுமையை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை. படத்தில் கப்பல் நிறுவனத்தின் ஆலோசகராக நடித்திருப்பவர், கடத்தப்பட்ட கப்பல்களுக்கான பேச்சுவார்த்தையையே உண்மையில் தொழிலாகச் செய்தவர்.

இனி உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். படத்தில் நாம் பார்க்கும் ‘ரோஸன்’ உண்மையாகவே கடத்தப்பட்ட கப்பல். ஐ.நா. உலக உணவுத் திட்டத்தின் உணவுப் பொருள்களைச் சோமாலியாவில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, 2007 பிப்ரவரியில் அது பிடிபட்டது. அப்போது அதில் இருந்த 12 பேரில் ஆறு பேர் இலங்கையர், ஆறு பேர் கென்யர். அதே கப்பலில் எடுத்த படத்தில் கதை ஒரு டேனிஷ் சமையல்காரருடையதாகிவிட்டது. மற்ற நாட்டு மாலுமிகள் ஓரமாக நின்று மறைகிறார்கள். டென்மார்க்கில் எடுத்த படம் டேனிஷ்காரரைப் பற்றித்தானே இருக்கும் என்று சொல்லலாம். ஆனாலும் அந்த ஆறு இலங்கையர் எந்த அறையில் படுத்தார்கள், வீட்டுக்கு எப்போது பேசினார்கள் என்று படம் முழுக்க என் மனம் தேடிக்கொண்டே இருந்தது.

அப்படித் தேட எனக்குக் காரணம் உண்டு. போர்ட் லூயித் துறைமுகத்தில் கப்பல்களுக்கு மளிகையும் காய்கறியும் கொடுக்கும் ஒரு கடையில் சில ஆண்டுகள் கணக்கெழுதினேன். 2011இல் ஒரு சரக்குக் கப்பலுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது, கைப்பிடிக் கம்பிகளைச் சுற்றிலும் முள்கம்பிச் சுருள் கட்டியிருந்தது. மேலே, கப்பலை ஓட்டும் அறைக்கு வெளியே, ஹெல்மெட் போட்ட ஒருவர் கடலைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். கிட்டே போனதும்தான் அது சாக்கு அடைத்த பொம்மை என்று தெரிந்தது. ஆள் காவல் இருப்பதாகக் கொள்ளையர் நினைக்க வேண்டும் என்பதற்காக நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மாட்டியிருந்த பாய்லர் சூட் என்ற முழுநீள வேலை உடையின் பையில், நூலால் தைத்த தமிழ்ப் பெயர் ஒன்று அப்படியே இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் கீழே சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தூத்துக்குடிக்காரர். இங்கே கரிபுலே கிடைக்குமா என்று நம் ஊர்க் கிரியோல் சொல்லாலேயே கேட்டு, கறிவேப்பிலை இரண்டு கட்டு வாங்கிக்கொண்டார். அவரைப் பற்றித்தான் எனக்கு ஒரு படம் வேண்டும்.

அப்படி ஒரு படம் எடுத்தால் அதன் கதையே வேறாகிவிடும். லிண்ட்ஹோல்மின் கதை முழுவதும், தொலைபேசியை எடுக்கும் ஒரு முதலாளி இருக்கிறார் என்ற ஒன்றை நம்பியே நிற்கிறது. நம் கடலில் பிடிபட்ட பலருக்கு அதுகூட வாய்க்கவில்லை. ‘ஐஸ்பெர்க் 1’ கப்பல் 24 பேருடன் 2010 மார்ச்சில் ஏடன் அருகே பிடிபட்டது. அவர்களில் இந்தியர், பாகிஸ்தானியர், ஏமன்காரர், கானாக்காரர் எல்லோரும் இருந்தார்கள். உரிமையாளர் அவர்களைக் கைவிட்டுவிட்டார். ஏறத்தாழ ஆயிரம் நாள் கழித்து, 2012 டிசம்பரில், சோமாலியாவின் தன்னாட்சிப் பகுதியான புன்ட்லாந்தின் கடற்காவல் படை போரிட்டு மீட்டபோது 22 பேர்தான் எஞ்சியிருந்தனர். நமக்கு இன்னும் பக்கத்தில், செஷல்ஸுக்குத் தெற்கே 2012இல் பிடிபட்ட ‘நஹாம் 3’ மீன்பிடிக் கப்பலின் ஆட்கள் எலியைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள். 26 பேர் வெளியே வர 2016 அக்டோபர் ஆயிற்று. பேரமே நடக்காத அந்த நாள்களை எப்படிக் காட்சியாக்குவது என்பது எந்த இயக்குநருக்கும் கடினமான கேள்விதான்.

கொள்ளையர் பக்கத்தையும் படம் மேலோட்டமாகவே தொடுகிறது. உலக வங்கி 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பல இலட்சம் டாலர் மீட்புத் தொகையில் படகில் போய்க் கப்பலில் ஏறுகிறவனுக்குக் கிடைத்தது 30,000 முதல் 75,000 டாலர் வரைதான். பெரும்பங்கு கரையில் இருந்து பணம் போட்டவர்களுக்குப் போயிற்று. அந்த ஏறுகிறவர்களில் 12 பேரைத்தான் 2013 ஜனவரியில் நம் நாட்டு நீதிமன்றத்துக்காக ஒப்படைத்தார்கள். அவர்களைப் பிடித்த பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பெயர் ‘சுர்கூஃப்’. ஒரு காலத்தில் இதே போர்ட் லூயியிலிருந்து போய் ஆங்கிலேயக் கப்பல்களைக் கொள்ளையடித்தவனின் பெயர் அது.

தம்பியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2024 மார்ச்சில் ‘அப்துல்லா’ என்ற வங்கதேசக் கப்பலும் அதன் 23 பேரும் பிடிபட்டு ஒரு மாதம் சிறையிருந்ததைப் பார்த்த பிறகு, இதைப் பழங்கதை என்று என்னால் சொல்ல முடியாது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தத்தின்படி, 2020 டிசம்பர் முதல், மாலுமி கொள்ளையரிடம் சிறைப்பட்டிருக்கும் காலம் முழுவதும் அவருடைய வேலை ஒப்பந்தமும் சம்பளமும் தொடர வேண்டும். உரிமையாளர் கைவிட்டால் செலவை ஏற்கும் காப்பீட்டின் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் 2017 முதல் விதி. அடுத்த முறை தம்பி அழைக்கும்போது, அந்தத் தாள் தன் கப்பலில் எந்தச் சுவரில் இருக்கிறது, அதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.