பையன் ரேஸ் டிரைவர் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், நாங்க என்ன பண்றது?

வணக்கம்மா. உங்க மெயில ரெண்டு தடவ நிதானமா படிச்சேன். 17 வயசு பையன், அட்லாண்டா பக்கம் வீடு, ரோட் அட்லாண்டால பத்து மணி நேர ரேஸ பாத்துட்டு வந்ததுலேருந்து காலேஜே வேணாம் ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் தான்னு நிக்கிறான், வீட்டுக்காரர் வேற வீட்டு மேல லோன் போடலாமான்னு யோசிக்கிறார், உங்களுக்கு ராத்திரி தூக்கம் இல்ல. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த லோன் பேப்பர்ல தயவுசெஞ்சு கையெழுத்து போடாதீங்க. அதுக்காக பையன் ஆசைய மிதிச்சுடவும் வேணாம்.

இந்த தொழில்ல காசு எங்கேருந்து வருதுன்னு புரிஞ்சிட்டா பாதி பயம் போயிடும். ஃப்ளோரிடாவுல நடக்குற டேடோனா 24 மணி நேர ரேஸ்ல ஒரே கார மூணு நாலு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. டிரைவர்ஸ பிராண்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம்னு தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க, அமெரிக்காவோட பெரிய ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் தொடரான இம்சாவுல, எல்எம்பி2ன்ற கார் பிரிவுல (கிளாஸ்னு சொல்வாங்க) ஒரு பிராண்ஸ், அதாவது அமெச்சூர் டிரைவர் கண்டிப்பா இருந்தாகணும். அவர் பெரும்பாலும் பிசினஸ்ல நல்லா சம்பாதிச்சவர், தன் காச போட்டு ஓட்றவர், டீமே அவர் காசுல தான் ஓடும். அவர் கூட அதே கார ஓட்ற ப்ரோ, அதாவது தொழில்முறை டிரைவர் தான் சம்பளக்காரர். அந்த ப்ரோ தான் வேகமா ஓட்டுனா மட்டும் போதாது, அந்த முதலாளியையும் வேகமாக்கணும், அதுக்கும் சேத்து தான் அந்த சம்பளம். கார் கம்பெனியே நேரடியா சம்பளம் குடுத்து வெச்சிக்கிற ஃபேக்டரி டிரைவர்ஸ் ரொம்ப கொஞ்சம் பேரு. கலிஃபோர்னியாவுல கோ-கார்ட் ஓட்டி வளந்த பாட்ரிக் லாங் போர்ஷேக்கு அப்படி இருந்தார், ஃபிரான்ஸ்ல நடக்குற லே மான் 24 மணி நேர ரேஸ்ல 2004லயும் 2007லயும் அவர் கிளாஸ்ல ஜெயிச்சார், 2021ல முழுநேர ரேஸ விட்டார். அவர மாதிரி ஆகணும்னு பையன் நெனைக்கட்டும், தப்பே இல்ல, ஆனா வீட்டு பட்ஜெட்ட அத நம்பி போடக்கூடாது.

போன வருஷம் ஒரு டிராக் டேக்கு, அதாவது போட்டி இல்லாம ரேஸ் டிராக்ல கார் ஓட்டிப் பழகுற நாளுக்கு போயிருந்தேன். இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது, ஒரு பொண்ணு, ஐம்பது வயசு டாக்டர் ஒருத்தர உக்கார வெச்சு லேப்டாப்ல ரெண்டு பேர் பிரேக் அடிச்ச விதத்த காட்ற ரெண்டு கோட்ட காட்றா, செவப்பு அவளோடது நீலம் அவரோடது. "பிரேக் அடிச்ச இடம் சரி சார், ஆனா பொசுக்குனு கால எடுத்துட்டீங்க, வளைவுக்குள்ள போறவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடணும்"னு சொல்றா. அடுத்த ரவுண்டு போயிட்டு வந்து அந்த மனுஷன் ஹெல்மெட்ட கழட்டும்போது முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அந்த பொண்ணுக்கு நாள் கணக்குல சம்பளம், வருஷத்துல சில ரேஸ் அவர் காருலயே சீட்டும் கெடைக்குது. உங்க பையன் கத்துக்க வேண்டிய வேல இது தாம்மா, நான் ஆணித்தரமா சொல்றேன்.

ஹர்லி ஹேவுட்னு ஒருத்தர், 1948ல சிகாகோல பொறந்தவர். ஃப்ளோரிடா ஜாக்சன்வில்ல காலேஜ் படிக்கும்போது ஒரு ஆட்டோகிராஸ்ல (காலி மைதானத்துல கோன் வெச்சு, ஒவ்வொரு காரா நேரம் பாத்து ஓட்ற போட்டி) தன் கார்வெட் கார ஓட்டி பீட்டர் கிரெக்க தோக்கடிச்சார். கிரெக் அங்க ப்ருமோஸ் போர்ஷே டீலர்ஷிப் முதலாளி, பெரிய ரேஸர். தோத்த மனுஷன் கோவப்படாம இந்த பையன கூடவே சேத்துக்கிட்டார் பாருங்க. நடுவுல ஹேவுட் வியட்நாம் போருக்கு போயிட்டு வந்தார், திரும்பி வந்து 1971ல ரெண்டு பேரும் சேந்து இம்சா ஜிடி சாம்பியன். அப்புறம் டேடோனா 24 அஞ்சு தடவ, லே மான் மூணு தடவ. இத்தனைக்கும் அப்புறம் அவர் பண்ணது என்ன, ப்ருமோஸ் டீலர்ஷிப்ல வேல, போர்ஷே டிரைவிங் ஸ்கூல்ல தலைமை பயிற்சியாளர். கத்துக்குடுக்கற வேலைய அவரே கீழான வேலையா நெனைக்கல.

லோன் ஏன் வேணாம்னா, எனக்கு தெரிஞ்ச ஒரு அப்பா பையனுக்காக ஒரு ரேஸ் டீம் கார்ல ஒரு சீசனுக்கு சீட்ட வாடகைக்கு எடுத்தார். மூணாவது ரேஸ், மழை, கார் சுவத்துல மோதிடுச்சு, பையனுக்கு ஒண்ணும் ஆகல கடவுள் புண்ணியம், ஆனா ரிப்பேர் செலவு பூரா சீட் வாடகைக்கு எடுத்தவங்க தலையிலன்னு காண்ட்ராக்ட்ல இருந்துருக்கு, அவர் அத படிக்கவே இல்ல. சீசன் பாதிலயே முடிஞ்சு போச்சு, கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு. அந்த பையன் ஒரு வருஷம் அப்பா முகத்த நிமிந்து பாக்கல, அது தான் எனக்கு இன்னமும் வலிக்குது.

உயிருக்கு பயமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க, ஆபத்தே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தல முன்னால வீசி எறியப்பட்டு மண்டையோட்டு அடிப்பகுதி உடையாம இருக்க இப்ப எல்லாரும் ஹெல்மெட்டோட மாட்ற ஹான்ஸ் கருவி இருக்கே, அத கொண்டு வந்ததே அட்லாண்டாக்காரரான ஜிம் டவ்னிங்ன்ற ஸ்போர்ட்ஸ் கார் ரேஸரும் புரொபசரான அவர் மச்சான் ராபர்ட் ஹப்பர்டும் தான். 1981ல நண்பர் ஒருத்தர் விபத்துல இறந்ததும் டவ்னிங் மனசு கேக்காம மச்சான் கிட்ட போய் நின்னார். பையன் எந்த ஃபுல் ஸ்பீட் டிராக்குக்கு போனாலும் ஹான்ஸ் இல்லாம கார்ல ஏறக்கூடாது, இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

இப்ப படிப்பு. ஜார்ஜியா டெக்ல ஃபார்முலா எஸ்ஏஇ டீம் இருக்கு, ஸ்டூடண்ட்ஸே ஒரு ரேஸ் கார டிசைன் பண்ணி கட்டி ஓட்டுவாங்க. மெக்கானிக்கல் கெடச்சா ரொம்ப நல்லது. டேட்டா படிக்க தெரிஞ்ச டிரைவர இஞ்சினியர்ஸுக்கு பிடிக்கும், டிரைவர் சீட்டு அமையலன்னாலும் ரேஸ் இஞ்சினியரா அதே பிட்லயே நிக்கலாம். நாலு வருஷம் லேட் ஆயிடும்னு சொல்வான். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் 54 வயசுல லே மான்ல ரெண்டாவது வந்தார்னு சொல்லுங்க, அவர் கையில காசு இருந்துச்சு, அது உண்மை தான், ஆனா இந்த ரேஸ்ல வயசு கதவ சாத்தாதுன்றதும் உண்மை. படிச்சுக்கிட்டே ஸ்பெக் மியாட்டா (மஸ்டா மியாட்டா கார்ங்கள வெச்சு நடக்குற அமெச்சூர் ரேஸ்), அப்புறம் கை நல்லா வந்தா அதே காரோட ப்ரோ ரேஸ் தொடரான எம்எக்ஸ்-5 கப்னு போகலாம்.

அதுக்கு முன்னாடி இந்த மாசமே எஸ்சிசிஏன்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்துற ஆட்டோகிராஸ் ஒண்ணுக்கு கூட்டிட்டு போங்க, அப்பா அம்மா கையெழுத்து கேப்பாங்க, போடுங்க. வீட்டு காரே போதும். ஓட்டுற நேரம் கொஞ்சம் தான், மீதி நேரம் வெயில்ல நின்னு மத்தவங்க தட்டி விட்ட கோன ஓடி ஓடி நிமித்தி வெக்கணும், அதையும் முகம் சுளிக்காம பண்றானான்னு பாருங்க. ஒவ்வொரு ரன்னுக்கும் எங்க பிரேக் அடிச்சான் எங்க தப்பு பண்ணான்னு ஒரு நோட்ல எழுத சொல்லுங்க. அன்னைக்கு சாயங்காலமே அந்த பக்கத்த போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கம்மா, அடுத்த ஃபோன் கால்ல பையனையும் உக்கார வெச்சு அதப் பத்தி பேசுவோம்.