கராஜ் வாங்கு: வாசகர் கேள்விகள்

காரைநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: அப்பா ஓடிய ஹொண்டா சிடி 200 இப்போது என்னிடம் இருக்கிறது. எஞ்சின் நல்ல நிலையில்தான் ஓடுகிறது. ஆனால் முந்தி யாரோ அடித்த கறுப்பு பெயின்ற் பொருக்குப் பொருக்காக உரிந்து, கீழே வெள்ளை பூத்துக் கிடக்கிறது. எஞ்சினை இறக்கி அடிக்கக் கராஜில் கேட்கும் காசு எனக்குக் கட்டுபடியாகாது. ஐயாயிரம் ரூபாய்க்குள் வீட்டிலேயே அடிக்கலாமா? 700 பாகை தாங்கும் ஸ்ப்ரே ஒன்றைக் கடையில் காட்டினார்கள். அதை வாங்கவா?

தம்பி, அடிக்கலாம். எஞ்சினை இறக்கவும் வேண்டாம். ஆனால் அந்த 700 பாகை டின்னை இப்போதைக்குக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

என் மச்சானின் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு அப்படி ஒரு டின்னைத்தான் நான் அடித்துக் கொடுத்தேன். மனிதர் மூன்று நாள் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் காபரேற்றரால் பெற்றோல் கசிந்தது. அது வடிந்த வழியெல்லாம் பெயின்ற் கூழாகிவிட்டது. தொட்டால் விரல் கறுப்பு. டின்னில் பிழையில்லை, அது சைலன்சருக்கு உரியது. அந்த வகைப் பெயின்ற் பெரும்பாலும் சிலிக்கன் பசையில் செய்தது. காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் 200 பாகையளவில் சூடேறி நின்றால்தான் உண்மையில் இறுகும். சைலன்சரின் வாய்ப்பக்கம் அந்தச் சூட்டைச் சும்மா தாண்டும். எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க் கேஸோ உள்ளே இருக்கும் ஒயிலின் சூட்டோடு, நூறுபாகையை ஒட்டித்தான் நிற்கும். அதில் அந்தப் பெயின்ற் ஒருநாளும் அவியாது, ஆவி வராத பானையில் வைத்த பிட்டு மாதிரி.

நீங்கள் கேட்க வேண்டியது 'எஞ்சின் எனாமல்'. 250 பாகை தாங்கினால் தாராளம். பெற்றோலும் ஒயிலும் பட்டாலும் தாங்கும் என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காசைப் போடவேண்டிய இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் உங்கள் கைவேலை.

முதலில் ஒயில் கசிவைப் பாருங்கள். எஞ்சினைத் துடைத்து, சந்தேகமான பொருத்துகளில் முகப்பவுடரைத் தூவி, ஒரு சுற்று ஓடிவிட்டு வாருங்கள். கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். பொருத்துக்கு நடுவில் இருக்கும் கஸ்கற்றை மாற்றாமல் அதற்குமேல் அடிப்பது காசைக் கடலில் எறிகிற வேலை.

அப்புறம் கழுவல். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். சூடு ஆற சிலிண்டரைச் சுற்றி இருக்கும் செட்டைகளுக்கு இடையில் பிறஷ் போகாது. விளக்குமாற்று ஈர்க்கில் துணியைச் சுற்றி விட்டு இழுங்கள். தொண்ணூறுகளில் போர்க்காலத் தடையால் பெற்றோல் இல்லாமல், காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராற் பண்ணி, மண்ணெண்ணெயிலேயே இந்த சிடி 200ஐ ஓடினோம். உங்கள் அப்பாவும் ஓடியிருப்பார். பிசுக்குப் போனதும் சலவைத்தூள் போட்டுக் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, காயவிட்டால் வெள்ளையாகப் படியும். அதனால் ஈரத்தை உடனே துணியால் ஒற்றி எடுங்கள். கோஸ்டிக் சோடா நல்லாய் வெட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அழுக்கோடு அலுமினியத்தையும் தின்னும்.

நீங்கள் சொல்லும் வெள்ளைப் பூ அலுமினியத்தின் துரு. பொன்னாலைப் பாலத்தால் தினம் போய்வருகிற வண்டிக்கு, இரண்டு பக்கமும் கடல் இருக்க, அது வராவிட்டால்தான் புதினம். அதன் மேல் அடித்த பெயின்ற் அதோடு சேர்ந்தே உதிரும். பித்தளை வயர் பிறஷ்ஷால் உரசி, 320 இலக்கச் சான்ட் பேப்பரால் பளபளப்புப் போகத் தேயுங்கள். பழைய பெயின்ற் முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. மாஸ்கிங் ரேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுங்கள். கூட வராத இடத்தை விட்டுவிட்டு, அதன் ஓரத்தை மட்டும் தட்டையாகத் தேய்த்தால் சரி. எஞ்சின் இலக்கத்தில் சான்ட் பேப்பரைக் கொண்டுபோகவே வேண்டாம். அது பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம். அழிந்தால் விற்கும்போது அலைவீர்கள். கடைசியாகத் தின்னர் துணியால் ஒருமுறை துடைத்தபின் வெறுங்கையால் தொடாதீர்கள்.

பிளக் பூட்டியபடியே இருக்கட்டும். காபரேற்றரைப் பொலித்தீன் பையால் கட்டி, வயர்களையும் இலக்கத்தையும் ரேப்பால் மூடுங்கள். சோளகம் எழும்பினால் புழுதியும் சேர்ந்து ஒட்டும், ஆகவே காலையிலேயே அடித்து முடித்துவிடுங்கள். மாரியில் இந்த வேலை வேண்டாம். வண்டியைக் கொஞ்சநேரம் வெயிலில் விட்டு, உலோகம் கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது, மூன்று மெல்லிய பூச்சு. முதல் பூச்சில் அடி தெரியத்தான் செய்யும், பதறி அதிலேயே தடிப்பாக அடிக்காதீர்கள். தடித்த பெயின்ற் வடியும், செட்டைகளுக்குப் போர்வை மாதிரிக் கிடந்து சூட்டையும் பிடித்து வைக்கும்.

ஒருநாள் காயவிட்டு, பத்து நிமிடம் ஸ்ராற்றில் விட்டு ஆறவிடுங்கள். காற்றில் ஆறுகிற எஞ்சின், நின்ற இடத்தில் அதற்குமேல் வேண்டாம். பிறகு ஆறுதலாக ஓர் அரை மணித்தியாலம் ஓடுங்கள். ஒரு கிழமைக்குப் பெற்றோல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவகச்சேரி வாசகி ஒருவர் கேட்கிறார்: என் ஸ்கூட்டியின் சைலன்சர் துருப்பிடித்திருக்கிறது. கேற்றுக்கு அடித்த சில்வர் பெயின்ற் அரை டின் மிச்சம் இருக்கிறது. அதையே அடிக்கலாமா?

வேண்டாம் பிள்ளை, இரண்டு நாளில் எரிந்து மண்ணிறமாகிவிடும். காரைநகர்த் தம்பி கடையில் விட்டுவிட்டு வந்த அந்த 700 பாகை டின்தான் உங்களுக்கு வேண்டியது. துருவை உலோகம் தெரியச் சுரண்டுங்கள், அடியில் சாதாரண பிரைமர் பூசாதீர்கள். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகைந்து மணக்கும், பயப்படாதீர்கள்.