இடையில் எழுந்தால் கவனம் போய்விடுமா?

மூன்று மணி நேரம் எழாமல் படித்துப் பழகணுமா, நடுவில் எழுந்தால் கவனம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள், எழுந்தாலே வீட்டில் திட்டு விழுகிறது என்று நினைக்கிறேன். நான் தேர்வெல்லாம் எழுதியவள் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்பது வருடம் செக்கிங் பார்த்தவள்.

டி-ஷர்ட்டை மேசையில் விரித்தால் கழுத்து, தோள், கை, சைடு, பாட்டம் என்று கண் ஒரே வரிசையில் போகும். ஓட்டை, ஆயில் கறை இருந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைப்போம். ஒருமுறை ஷிப்மென்ட் அவசரம் என்று பதினொரு மணி டீயை நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி வரை எழவே இல்லை, கண் திறந்திருந்தது, எதுவும் உள்ளே போகவில்லை. அதோடு சூப்பர்வைசர் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் "நேவி புளூ லாட் எங்கேம்மா" என்று கூப்பிடுவார். கை வரை பார்த்திருப்பேன், பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் சைடையும் பார்த்தாச்சு என்றே மனசு சொல்லும், மடித்துவிடுவேன். மறுநாள் இன்ஸ்பெக்ஷனில் சைடு தையல் விட்ட பீஸ்கள் மாட்டி, கட்டிய பெட்டி அத்தனையையும் பிரித்தோம். பழி முழுக்க எங்கள் மேசைக்கு. டீயை நிறுத்தியவரை யாரும் கேட்கவில்லை.

சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று சொல்ல வருபவர்களுக்கு ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று நார்மன் மேக்வொர்த் என்பவர் சோதித்து, 1948ல் எழுதினார். இரண்டு மணி நேரம் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு முதல் அரை மணி கழிந்ததுமே கவனம் சரிந்தது. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாறியவர்களுக்குச் சரியவில்லை. பட்டாளத்துக்காரர்களுக்கே அப்படி என்றால், ஒன்றரை ஷிப்ட் நின்றுகொண்டே பார்க்கிற பெண்கள் பாத்ரூம் போனால் நேரம் குறித்துவைப்பது என்ன நியாயம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எங்கே போய்ச் சொல்வது.

சரி, உங்கள் விஷயம். பண்டிலை முடித்து, எண்ணிக் கட்டிவிட்டு எழுந்தால் அது ஓய்வு, திரும்பி வந்தால் கண் தெளிவாக இருக்கும். பாதி பீஸில் ஒருவர் கூப்பிட்டால் அதுதான் கெடுதல். அதனால் ஒரு பகுதியை முடித்துவிட்டு எழுந்திருங்கள். நடுவில் அம்மா கூப்பிட்டால் அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பெட்டிகளைப் பிரித்த நாளிலிருந்து, யார் கூப்பிட்டாலும் பார்த்து நிறுத்திய தையலில் விரலை ஊன்றிக்கொண்டுதான் நான் நிமிர்ந்து பதில் சொன்னேன்.