மூலக்கூறு உயிரியல்: மேற்கோள் கணக்கைப் படிப்பது எப்படி? கேள்வி பதில்

மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் நடத்துகிறேன். வேலைக்கும் ஆய்வு நிதிக்கும் விண்ணப்பிப்பவர்களின் கட்டுரைப் பட்டியல்களைப் பல வருடமாகப் படித்துவருகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். மேற்கோள் (சைட்டேஷன்) என்றால் ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை ஆதாரமாகக் காட்டுவது.

கேள்வி: முனைவர் பட்டம் வாங்கி நாலு வருடம் ஆகிறது. எச் இண்டெக்ஸ் 9. நல்ல எண்ணா?

எந்தத் தளத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லவில்லையே. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்பு என்று எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தேர்ந்தெடுத்த இதழ்களைத்தான் பெரும்பாலும் எண்ணும். ஒரே ஆளுக்கு மூன்று எண் வரும். தளம், முதல் கட்டுரை வெளியான ஆண்டு, இரண்டையும் சேர்க்காமல் எச் எண்ணை எங்கும் எழுதாதீர்கள்.

2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு இது. எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றிருக்கின்றனவோ, அதுதான் எச். ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மேற்கோள் என்றால் எச் 5. ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் மேற்கோள் இருந்தாலும் எச் 5தான். ஓய்வு பெற்ற பிறகும் ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: 30 பேப்பர், 2,900 சைட்டேஷன். ஆனாலும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. ஏன்?

உங்கள் பட்டியலை நான் பார்க்கவில்லை. நான் எப்படிப் படிப்பேன் என்று சொல்கிறேன்.

முதலில் ரிவ்யூ கட்டுரைகளை, அதாவது பிறரின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவற்றை, தனியே வைப்பேன். அவை சுலபமாக மேற்கோள் சேர்க்கும். அடுத்து, பெரிய கூட்டமைப்புக் கட்டுரைகள். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய ஒரு ஜீனோம் கட்டுரைக்கு மட்டும் 2,200 வந்திருந்தால், மற்ற 29 கட்டுரைக்கும் சேர்த்து 700தான். பிறகு பெயர் வரிசை. எங்கள் துறையில் முதல் பெயர் ஆய்வக மேசையில் நின்று வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர் ஒரு பிளாஸ்மிட் (சோதனைக்கான டிஎன்ஏ வளையம்) கொடுத்து உதவியவராகக்கூட இருக்கலாம்.

கடைசியாக, நீங்கள் முதல் ஆசிரியராக உள்ள ஒரு கட்டுரையைத் திறந்து நேரே படங்களுக்குப் போவேன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) அளவுக் குறிகள் இருக்கின்றனவா? ஒப்பிடுவதற்கான ஆக்டின் புரதப் பட்டை அதே மெம்பிரேனில் (புரதம் ஒட்டும் தாளில்) எடுத்ததா? வெட்டாத முழுப் படம் இணைப்பில் உண்டா? நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் குழு 20,621 கட்டுரைகளைப் பார்த்து, 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருப்பதாக 2016இல் வெளியிட்டது. மேற்கோள் எண் இதையெல்லாம் காட்டாது.

கேள்வி: அதிக சைட்டேஷன் என்றால் பெரிய கண்டுபிடிப்பு என்றுதானே அர்த்தம்?

இல்லை. புரத அளவை அளக்கும் முறை பற்றி 1951இல் லௌரி குழு எழுதிய கட்டுரை மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டியது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை விளக்கிய வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரை அதன் பக்கத்தில்கூட வராது. புரதம் அளந்தவர்கள் செய்முறைப் பகுதியில் லௌரியைக் குறிப்பிட்டார்கள். இரட்டைச் சுருளுக்குப் பெரும்பாலோர் ஆதாரம் காட்டுவதில்லை; அது பாடநூலுக்குள் போய்விட்டது.

அவரே மீண்டும்: அப்படியானால் செய்முறை எழுதியவர்களுக்குத் தகுதியில்லாத பெயர் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே இல்லை. லெம்லியின் 1970 கட்டுரையை எடுத்துப் பாருங்கள். தலைப்பு, பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் தலைப்பகுதி உருவாகும்போது புரதங்கள் வெட்டுப்படுவது பற்றியது. அதை மேற்கோள் காட்டிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை அதில் உள்ள, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் முறைக்காகவே காட்டின. அந்த ஜெல் இல்லாமல் எங்கள் வேலையே நடக்காது. அவ்வளவு மரியாதை அதற்கு உண்டு. ஆனால் மேற்கோள் சொல்வது பயன்பாட்டை. பயன்பாடு வேறு, கண்டுபிடிப்பின் ஆழம் வேறு.

இன்னொருவர்: அப்போது மேற்கோள் குறைந்தால் பயன்பாடும் குறைவா?

அதுவும் இல்லை, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். புரதத்தின் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிபவர்கள், அதன் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தில் சரிபார்க்கிறார்கள். 1963 மூலக் கட்டுரையைப் பலர் குறிப்பிடுவதே இல்லை. பெயரே போதும் என்று ஆகிவிட்டது. மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் தாவும் மரபணுக்கள் (குரோமோசோமில் இடம் மாறுபவை) பற்றி 1950இல் எழுதினார். நோபல் வந்தது 1983இல். நடுவே எந்த வருடம் அவரை எண்ணால் எடைபோட்டிருந்தாலும் தவறியிருப்போம்.

கேள்வி: எச் இண்டெக்ஸ் 14. போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள். தளம், ஆண்டு.

கேள்வி: ஸ்காலரில் 11, ஸ்கோபஸில் 7. எது சரி?

இரண்டும் சரி. இதையும் முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இம்பாக்ட் ஃபேக்டர் 10க்கு மேல் உள்ள இதழில் வந்தால் போதாதா?

அது இதழின் சராசரி, உங்கள் கட்டுரையின் மதிப்பெண் அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோளை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. சில கட்டுரைகளே அதைத் தூக்கி நிறுத்தும். இதை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று ஆய்வை மதிப்பிடுவது பற்றிய சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013இலேயே கேட்டுக்கொண்டது.

கேள்வி: காப்புரிமையையும் சேர்த்து எண்ணுவார்களா?

என் துறை இல்லை. உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: பணம் கட்டினால் மேற்கோள் ஏற்றித் தருவதாக மின்னஞ்சல் வந்தது.

அழித்துவிடுங்கள். திடீரென ஒரே மாதத்தில், சம்பந்தமில்லாத கட்டுரைகளிலிருந்து வந்து குவியும் மேற்கோள் பார்த்தவுடன் தெரியும்.

கேள்வி: என் பெயர்ச் சுருக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். இருவர் கட்டுரையும் கலந்துவிட்டன.

எனக்கும் நடந்தது. ஓர் எலும்பு மருத்துவரின் 11 கட்டுரைகள் என் ஸ்காலர் பக்கத்தில் சேர்ந்திருந்தன. நீக்கியதும் என் எச் எண் மூன்று இறங்கியது. ஆய்வாளருக்கான தனி அடையாளமான 16 இலக்க ஆர்சிட் எண்ணை இலவசமாக எடுத்து, கட்டுரை அனுப்பும்போதெல்லாம் கொடுங்கள். ஸ்காலரில் கட்டுரைகள் தானாகச் சேர்வதை நிறுத்தி, நீங்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே சேருமாறு அமைத்துவிடுங்கள்.