லாவண்டர் வயல் பார்க்க எப்போது, எங்கே? நம் ஊர்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

நம் பயணக் குழுவில் ஒருவர் பிரான்ஸ் லாவண்டர் வயல் படத்தைப் போட்டாலும் போட்டார், அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது, எல்லாவற்றையும் இங்கேயே சேர்த்துப் போடுகிறேன்.

வேளச்சேரியில் இருந்து: அக்கா, பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. மே கடைசி வாரம் தெற்கு பிரான்ஸில் லாவண்டர் விளைகிற புரோவான்ஸ் பகுதிக்குப் போனால் பூ இருக்குமா?

இருக்காது. அவ்வளவு செலவு பண்ணிப் போய்ச் சாம்பல் பச்சையில் புதர் வரிசையைப் பார்த்துவிட்டு வருவீர்கள். நம் ஊர்ப் பள்ளி விடுமுறைக்கும் லாவண்டருக்கும் ஒத்தே வராது, ஜூனில் இங்கே பள்ளி திறக்கிற சமயத்தில்தான் அங்கே மொட்டே நிறம் பிடிக்கும். படங்களில் அதிகம் வருகிற வலான்சோல் பீடபூமியில் ஜூன் கடைசியில் இருந்து ஜூலை நடு வரைதான் நல்ல பூ. இதில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அது பூங்கா இல்லை, எண்ணெய் எடுக்கிறதுக்காகப் போட்ட விவசாயி வயல், எண்ணெய் சேர்ந்துவிட்டால் நேற்று வரை ஊதாவாக இருந்த வயலை இயந்திரம் விட்டு ஒரே நாளில் அறுத்துவிடுவார்கள், அப்புறம் உருண்டை உருண்டையாக முடிவெட்டிய மாதிரி கட்டைகள்தான் மிச்சம். அதனால் பூக்கும் தேதியை மட்டும் பார்க்காதீர்கள், அறுக்கும் தேதியையும் பாருங்கள். தங்கப்போகிற விடுதிக்கே ஒரு மெயில் போட்டு "எங்கள் தேதிக்கு அறுப்பு முடிந்திருக்குமா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அண்ணா நகரில் இருந்து: எனக்கு ஜூலை கடைசி வாரம்தான் ஆபீஸில் விடுவார்கள். அப்போ அவ்வளவுதானா?

இல்லை, மேலே ஏறுங்கள். வலான்சோல் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 500, 600 மீட்டர் உயரம். வான்டூ மலை அடிவாரத்தில் இருக்கிற சோ என்ற ஊர் 750 மீட்டருக்கு மேல், குளிர்ச்சி அதிகம், அதனால் அங்கே பூ தாமதம், ஜூலை கடைசியிலும் பார்க்கலாம். ஆகஸ்ட் 15 அன்று அங்கே லாவண்டர் விழாவே நடக்கிறது, அறுவடையைக் கொண்டாடுகிற விழா என்பதால் அதற்குள் பெரும்பாலான வயல் மொட்டையாகி இருக்கும், பூவை நம்பி அன்றைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. வலான்சோலில் அதிகம் இருப்பது லாவண்டின் என்ற கலப்பினம், புதர் பெரிது, ஒரு தண்டில் பக்கக் கிளைகளோடு மூன்று கதிர் வரும், படத்துக்கு அட்டகாசம். உயரமான இடத்து அசல் லாவண்டரில் தண்டுக்கு ஒரே கதிர், செடியும் சின்னது, ஆனால் வாசனை மென்மையாக இருக்கும். என்னைக் கேட்டால் கூட்டம் அதிகம் என்பதற்காகவே வலான்சோலை விட்டுவிட்டு சோவுக்குத்தான் போகச் சொல்வேன்.

குரோம்பேட்டையில் இருந்து: கார் ஓட்டத் தெரியாது மேடம். பஸ்ஸில் சமாளிக்கலாமா?

பாரிஸில் இருந்து புரோவான்ஸில் இருக்கிற அவின்யோன் நகரத்துக்கு அதிவேக ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரம்தான். பிரச்சினை அதற்கு அப்புறம். வயல் பக்கம் போகிற பஸ் குறைவு, போனால் திரும்பி வர வண்டி இருக்காது. அவின்யோனிலோ எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்திலோ தங்கி, ஒருநாள் வேன் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஓட்டுவார்கள் என்றால் கிளம்புவதற்கு முன்பே இங்கே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடச் சொல்லுங்கள். அங்கே வலது பக்கம் ஓட்டவேண்டும்.

போரூரில் இருந்து: விசாவுக்கு எப்போ அப்ளை பண்ணணும்?

பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு என்று விதியில் இருக்கிறது, அதை நம்பி உட்காராதீர்கள், கோடைக்கு விசா மையத்தில் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஜூலைப் பயணம் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

மயிலாப்பூரில் இருந்து: அந்தக் கல் மடத்துக்கு முன்னால் லாவண்டர் இருக்கிற படம், அது எங்கே?

கோர்த் ஊருக்குப் பக்கத்தில், செனாங்க் மடம், 1148இல் நிறுவியது. இப்போதும் துறவிகள் இருக்கிறார்கள், அதனால் சத்தம் போடக் கூடாது. படத்தில் தெரிகிற அளவுக்கு வயல் பெரிது இல்லை, எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போங்கள்.

அம்பத்தூரில் இருந்து: தேனீ கொட்டுமா? பொண்ணு ரொம்பப் பயப்படுவாள்.

வயல் முழுக்க ரீங்காரம்தான். அவை தேன் எடுப்பதில் மும்முரமாக இருக்கும், கையை வீசாமல் வரிசைக்கு நடுவில் மெதுவாக நடந்தால் ஒன்றும் செய்யாது. அலர்ஜி இருந்தால் மருந்தோடு போங்கள். பூவைப் பறிக்காதீர்கள், அடுத்தவர் பயிர்.

தாம்பரத்தில் இருந்து: ஊட்டியில் லாவண்டர் வயல் என்று வீடியோ சுற்றுகிறதே? வெளிநாடு போகாமல் பார்க்க முடியாதா?

அந்த மாதிரி வீடியோக்களில் பாதிக்கு மேல் பூங்காப் பாத்தியில் நட்ட, பார்க்க லாவண்டர் மாதிரியே இருக்கிற நீல சால்வியா பூதான். நிஜமாகவே வயல் வேண்டும் என்றால் ஜம்முவில் தோடா மாவட்டத்தில் இருக்கிற பதர்வா. மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் ஜம்மு ஆய்வகம் நாற்றும் பயிற்சியும் கொடுத்து, மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தவர்களை லாவண்டருக்குத் திருப்பியது, 2022இல் இருந்து அங்கே திருவிழாவும் நடத்தினார்கள். பூ ஜூன், ஜூலையில். சென்னையில் இருந்து டெல்லி வழியாக ஜம்முவுக்கு விமானம், அங்கிருந்து படோட், தோடா வழியாக சுமார் 200 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு பகல் அதற்கே போய்விடும், போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கணக்கு வைத்து நான்கைந்து நாளாவது ஒதுக்குங்கள். அமர்நாத் யாத்திரை சமயத்தில் அந்த நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள், அதனால் யாத்திரை தொடங்குவதற்கு முன்பு ஜூன் நடுவில் போவது நல்லது. வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

பிரான்ஸ் பிரம்மாண்டம் இருக்காது, மலைச்சரிவில் துண்டு துண்டாகத்தான் வயல். ஆனால் விசா தலைவலி கிடையாது, இந்தி கொஞ்சம் தெரிந்தால் விவசாயியிடமே பேசலாம்.

நங்கநல்லூரில் இருந்து: பையன் லண்டனில், குராய்டனில் இருக்கிறான். ஜூலையில் போகிறோம். அங்கே லாவண்டர் பார்க்க முடியுமா?

அதிர்ஷ்டம்தான். பக்கத்திலேயே பான்ஸ்டெட்டில் மேஃபீல்டு லாவண்டர் பண்ணை, குராய்டனில் இருந்து 166ஆம் எண் பஸ்ஸே போகிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. அரை நாள் போதும்.

பெரம்பூரில் இருந்து: இதெல்லாம் நமக்குக் கட்டாது அக்கா. சனி ஞாயிறில் போய்வர ஏதாவது பூ வயல்?

தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரம், சூரியகாந்தி. ஜூலை கடைசி, ஆகஸ்ட். வெள்ளி இரவு எழும்பூரில் பொதிகை ஏறினால் காலையில் தென்காசி, அங்கிருந்து ஆட்டோ. முற்றிய சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனோடு திரும்பாது, கிழக்கே பார்த்தபடியே நின்றுவிடும், அதனால் காலையில் வயலுக்குக் கிழக்குப் பக்கம் போய் நின்றால்தான் முகம் வெளிச்சத்தோடு கிடைக்கும். குற்றால சீசனும் அதே சமயம் என்பதால் ரயிலில் இடம் கிடைக்காது, முன்பதிவு திறக்கிற அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள்.